தொகுதி, பகுதி

கோட்டுக்கு மேலே தொகுதி,
கீழே பகுதி.
ஆறாம் வகுப்பில் அந்தக் கோட்டுக்கு அடிமட்டம் போதும்.
புளியந்தோப்பில்
ஒரு சித்திரை முழுக்கப் படி ஏற வேண்டியிருக்கிறது.

வாரியக் குடியிருப்பு, எச் பிளாக்.
லிஃப்ட் உண்டு, அதில் யாரோ சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள்.
கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட்.
"இன்னாம்மா, எந்தத் தொகுதி?" என்கிறார்
கீழ்ப்படியில் டில்லிபாபு.
ஓட்டு இல்லைங்க, நரம்பு நோய்க் கணக்கெடுப்பு.
"நரம்புத் தளர்ச்சியா?"
சிரிப்பு என்னை முந்திக்கொண்டு
நாலு மாடியும் ஏறிப்போகிறது.

கேள்வி பதினொன்று.
முதல் படிவத்தில் வலிப்பு என்றே அச்சடித்திருந்தார்கள்.
முந்நூறு வீட்டில் ஒருவருக்கும் இல்லை.
உலகத்திலேயே வலிப்பு இல்லாத ஊர் என்று
எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார் சூசைராஜ்.
அப்புறம் பெயரை எடுத்துவிட்டோம்.
திடீரென்று விழுவார்களா,
வாயில் நுரை, நாக்கில் கடி,
எழுந்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத அந்த அரைமணி நேரம்,
இப்படித் துண்டு துண்டாகக் கேட்டோம்.
துண்டு துண்டாக வந்தார்கள்.

மற்றதையும் எழுதினேன்.
வலது பக்கம் விழுந்துபோன எத்திராஜ்
இடது கையால் டிவி ரிமோட்டை என்னிடம் நீட்டி
சத்தத்தைக் குறைக்கச் சைகை காட்டினார்.
ஷர்புன்னிசாவின் விரல்கள்
இல்லாத மாவை உருட்டிக்கொண்டே இருந்தன.
வயசாச்சில்ல, என்றான் மகன்.
வயது: ஐம்பத்தொன்று.
பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை போக வேண்டும் என்பது விதி.
நான்காம் முறை போனால் நாய் பழகிவிடுகிறது.

முந்நூற்றுப் பதினான்காம் கதவு.
"இங்க யாருக்கும் ஒண்ணியும் இல்ல."
அம்மா வாசலை அடைத்து நின்றாள்.
அவள் தோளுக்குப் பின்னால் ஒரு பெண்,
பாதி முன்பல்,
முழங்கைக்குக் கீழே அடுப்பு சுட்ட பழைய தோல்,
இடுப்பில் எந்தப் பூட்டுக்கும் சேராத இரும்புச் சாவி.
ஜன்னல் கட்டையில் மஞ்சள் தடவிய பத்திரிகைக் கட்டு.
பார்த்ததை எழுத அனுமதி இல்லை,
சொன்னதைத்தான் எழுத வேண்டும்.
'இல்லை'யைத் தொட்டேன்.
அவளும் ஒரு தலையாகக்
கோட்டுக்குக் கீழே இறங்கினாள்.

தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்து வந்தவள்
இரண்டாம் மாடித் திருப்பத்தில் என்னைப் பிடித்தாள்.
"அக்கா, என் ஃப்ரெண்டு ஒருத்தி. மாத்திரை சாப்புடுறா.
திருவள்ளூர்ல, அவ சித்தி பேர்ல வாங்குவாங்க.
கொழந்தை பொறந்தா அதுக்கு ஏதாச்சும் ஆவுமா?"
மாத்திரையை நிறுத்த வேண்டாம்,
கல்யாணத்துக்கு முன்னாடியே டாக்டரிடம் கேட்கச் சொல்,
உன் ஃப்ரெண்டை.
சரிக்கா என்றது குடம், கீழே போய்க்கொண்டே.

படிவத்தில் சிநேகிதிக்குக் கட்டம் கிடையாது.

கடைசி நாள் சூசைராஜ் கணக்குப் போட்டார், வலிப்புக்கு மட்டும்.
வீடு வீடாகப் போன எங்கள் பட்டியலில் அறுபத்திரண்டு.
ஆஸ்பத்திரிப் பதிவேட்டில், இதே தெருக்களிலிருந்து, நாற்பத்தெட்டு.
இரண்டிலும் இருப்பவர்கள் முப்பத்தொன்று.
ஏரியில் மீன் எண்ணுகிறவர்கள் இப்படித்தான் செய்வார்களாம்:
பிடி, குறி வை, விடு,
மறுபடி வலை போடு.
இரண்டு வலையிலும் சிக்கியதை வைத்து
எந்த வலையிலும் சிக்காததைச் சொல்லிவிடலாம்.
பெருக்கினார், வகுத்தார், தொண்ணூற்றாறு.
கண்ணில் பட்டது எழுபத்தொன்பது.

மிச்சம் பதினேழு பேர்.
பெயர் தெரியாது, வயது தெரியாது, கதவு எண் தெரியாது,
இருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி என்றார்.
கூடக் குறைய, என்று சேர்த்துக்கொண்டார்.
நான் டேப்லெட்டை சார்ஜில் போட்டேன்.

அதில் பதினாறு பேரை எனக்குத் தெரியாது.